மெல்ல அடிக்கும் நெஞ்சு

டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார்; கொஞ்சம் யோசித்தார்; மறுபடியும் மாட்டிக்கொண்டார். இனிகோவின் இடது மார்புக்குக் கீழே வைத்துக் கேட்டார். பிறகு விலாப்பக்கம் தள்ளி வைத்துக் கேட்டார். ஒரு கையை அவன் நெஞ்சில் பதித்து, மறுகை விரலால் அதன்மேல் தட்டித் தட்டி, சந்தையில் பானை வாங்குகிறவர்போல ஓசை பார்த்தார். கடைசியில் பைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவனுடைய நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தோணிகளில் பொதி ஏற்றுகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு மயக்கம் வருமா?"

"இல்லீங்கய்யா."

"படுத்தா மூச்சு முட்டுமா? கால் வீங்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"உன் வீட்டிலே யாராவது திடீர்னு செத்திருக்காங்களா?"

"எங்க அண்ணன் ஒருத்தன், தனராஜ்னு. சங்கு குளிக்கையில போயிட்டான். முங்குனவன் மேல வரலை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அது உலகச் சண்டைக் காலம், நாற்பத்திரண்டாம் வருஷம். இனிகோவுக்கு முப்பத்துமூன்று வயது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்கப் போனவன். வாடைக்காற்று அடங்கிக் கடல் தெளிந்ததும் வள்ளங்கள் கிளம்பும். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அடி மணலில் கைக்கு அகப்பட்ட சங்குகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் கொஞ்ச நேரம் மிதப்பான், மறுபடி இறங்குவான். காற்று விழுந்துவிட்ட நாட்களில் கரை வரைக்கும் துடுப்பு வலிக்க வேண்டியதும் அவர்கள்தான். இனிகோ வலிக்க உட்கார்ந்தால் மற்றவர்கள் நிம்மதியாக வெற்றிலை போடுவார்கள்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்கு முங்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. தண்ணீருக்கடியில் நங்கூரச் சங்கிலி பார்க்க, தோணிகளின் அடிப்பலகை பார்க்க, தவறி விழுந்ததை எடுக்க. சங்கு குளிப்பு வருஷத்தில் சில மாதம்தான். இதுவோ வருஷம் முழுவதும் நிற்கிற வேலை. இனிகோவின் மனைவி அந்தோணியம்மாள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அவனுக்குச் சலவைச் சட்டை போட்டு அனுப்பியிருந்தாள். கம்பெனி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

டாக்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் தோளில் கை வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லப்போகிற விஷயம் அவரையே வருத்தியது முகத்தில் தெரிந்தது.

"இனிகோ, உன் ஹார்ட் பெருத்துப்போயிருக்கு. எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி அடிக்கலை. ரொம்ப மெல்ல அடிக்குது. இதை வச்சுக்கிட்டு நீ இத்தனை வருஷம் தண்ணிக்குள்ளே இறங்கினதே ஆண்டவன் புண்ணியம். உங்க அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு தோணுது. இனிமே முங்காதே. துடுப்பு வலிக்காதே. பாரம் தூக்காதே. மாடிப்படி ஏறினாக்கூட நின்னு நின்னு ஏறு. உடம்பை அலட்டாம இருந்தியானா ரொம்பக் காலம் இருப்பே."

இனிகோ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வரும்போது வேக வேகமாக நடந்து வந்தவன், திரும்பும்போது சுவரோரமாக, தலையில் தண்ணீர்க்குடம் வைத்திருக்கிறவன்போல நடந்தான்.

வேறு ஒருவனாக இருந்தால் டாக்டர் பேச்சைக் கடலில் போட்டுவிட்டு மறுநாளே முங்கப் போயிருப்பான். தனராஜின் சாவுதான் இனிகோவைப் பிடித்து நிறுத்தியது. அண்ணன் இறங்கிய கயிற்றை அன்று மேலே பிடித்துக்கொண்டிருந்தவன் இனிகோ. கயிறு அசையும் அசையும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். அசையவில்லை. எடுத்து வந்து வள்ளத்தில் கிடத்தியபோது அந்த உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஏன் செத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஒருவர் காரணம் சொல்லிவிட்டார்.

அந்தோணியம்மாள் கேட்டுவிட்டு, அவனுடைய சலவைச் சட்டையை வாங்கி மடித்து வைத்தாள்.

"வேலை போனாப் போவுது. உங்க அண்ணனைக் கொண்டாந்து போட்ட மாதிரி உங்களையும் கொண்டாந்து போட வேண்டாம். நீங்க இருந்தாப் போதும்."

அன்றைக்கே அவனுடைய கயிற்றையும் வலைப்பையையும் தன் தம்பி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தாணுலிங்கம் அண்ணாச்சி கடையில் கிடைத்தது. அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து தூத்துக்குடியில் அரிசிக்கடை வைத்தவர். சண்டையில் அரிசி தட்டுப்பாடாகி ரேஷன் வந்தபோது அவர் கடையும் ரேஷன் கடையாயிற்று. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பலகையில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்தாரானால் மத்தியானச் சாப்பாடுகூட அங்கேயே வந்துவிடும். நல்ல மனிதர், சிரிப்புக்காரர். தொந்தி குலுங்கச் சிரிப்பார். இனிகோவின் கதையைக் கேட்டதும் அவனுக்குத் தராசு முன்னால் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்.

"ஏலே, டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆண்டவன் ஒவ்வொருத்தனுக்கும் நெஞ்சுல இத்தனை அடின்னு எண்ணிப் போட்டு அனுப்புதான். யாவாரத்துக்குக் கைமுதல் மாதிரி. ஓடியாடுதவன் சீக்கிரமாச் செலவழிச்சிட்டுப் போயிருவான். இருந்த இடத்துல இருந்து நிதானமாச் செலவழிச்சா ரொம்ப நாளு வரும். என்னையப் பாரு."

அப்படியானால் மெல்ல அடிக்கிற நெஞ்சுதானே அதிக நாள் வரவேண்டும் என்று இனிகோவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. இடம் கொடுத்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது?

முக்காலியில் உட்கார்ந்து அரிசி நிறுத்துப் போட்டான். மாதங்கள் போய் வருஷங்களாயின. தோளிலும் முதுகிலும் கயிறாக முறுக்கியிருந்த சதை தளர்ந்து, இடுப்பில் மடிப்பு விழுந்தது. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரத்தில் அவன் கடற்கரைப் பக்கமே போவதில்லை. கடை ஓய்ந்த வேளைகளில் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். முதலில் நாடி, டாக்டர் சொன்னதுபோல, ஆடி அசைந்துதான் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடையில், இனி வராதோ என்று பயப்படும்படி ஒரு வெளி இருந்தது. நாள் போகப்போக அந்த வெளி குறைந்தது. இரண்டாம் வருஷ முடிவில் நாடி எல்லாரையும்போலச் சுறுசுறுப்பாக அடித்தது.

"ஏளா, கொணமாயிட்டு வருது. ஓய்வு எடுக்கேம்லா, அதான்" என்று அவன் மனைவியிடம் சொன்னான். இரண்டு பேரும் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் கோயில் படியேறியபோது அவனுக்கு மூச்சு இரைத்தது. அதையும் பழைய நோயின் மிச்சம் என்றே நினைத்துக்கொண்டான்.

அவன் விட்ட பாரத்தை அந்தோணியம்மாள் எடுத்துக்கொண்டாள். சும்மா சொல்வதல்ல, தலையில்தான் எடுத்துக்கொண்டாள். கரையில் கருவாடு வாங்கிப் பெட்டியில் அடுக்கிச் சுமந்து, கோரம்பள்ளமும் அதைத் தாண்டிய வயக்காட்டு ஊர்களும் சுற்றி விற்றுவிட்டு வருவாள். வாரத்தில் ஒரு நாள் சாயர்புரம் வரைக்கும் போவாள். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வீடுகளில் அவளுடைய கருவாட்டுக்கென்று காத்திருப்பார்கள். தொடக்கத்தில் வீடு வந்ததும் சுவரில் சாய்ந்துவிடுவாள், பாதம் கொப்பளித்திருக்கும். இனிகோ விளக்கெண்ணெய் தடவிவிடுவான். ஒரு வருஷம் போனபின் அது இல்லை. பெட்டியை இறக்கி வைத்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உலை வைப்பாள். நடை மாறிவிட்டிருந்தது, கால் தரையில் பட்டதும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் ஒரு சீராகப் போவாள்.

அதைப் பார்க்கும்போது இனிகோவுக்குப் பெருமையும் வரும், வெட்கமும் வரும்.

கடையில் மூட்டை இறக்குகிறவன் சிவனாண்டி. வண்டிக்கும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குமாக விடியலிலிருந்து பொழுது சாய்கிறவரை முதுகில் மூட்டை. நடுவில் பீடி, கறுப்புக் காப்பி. எருமை மாதிரி ஆள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு நாள் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு தம் பிடித்து நிமிர்ந்தவன், அப்படியே முழங்காலில் உட்கார்ந்தான். நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இனிகோவைப் பார்த்தான். தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டான்.

"பாத்தியாலே? பாரம் தூக்குனான், முடிஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி. வெகுநேரம் அவர் முகம் வெளுத்தே இருந்தது.

சண்டை முடிந்து, அடுத்த வருஷம். ஒரு மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பலகையில் சாய்ந்திருந்த அண்ணாச்சி, "என்னமோ புழுக்கமா இருக்கு, விசிறியை எடு" என்றார். இனிகோ விசிறியை எடுத்துக்கொண்டு திரும்பினான். அண்ணாச்சியின் நெற்றியெல்லாம் வேர்வை முத்து முத்தாக நின்றது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து ஒரு மூட்டையைத் தொட்டுத் தூக்கியறியாத மனிதர்.

இனிகோவுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் விளங்கவில்லை. தூக்கினவனும் போனான், உட்கார்ந்தவரும் போனார். எப்படி இருந்தால் நெஞ்சு நிற்காமல் இருக்கும்? கடையை அண்ணாச்சியின் தம்பி ஏற்று நடத்தினார். இனிகோ அதே முக்காலியில், முன்னைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாயில் படுத்திருந்தார்கள். அந்தோணியம்மாள் தூங்கிப்போனாள். அவளுடைய கை அவன் பக்கத்தில் விழுந்து கிடந்தது. பழக்கத்தில் அவன் விரல்கள் அந்த மணிக்கட்டைப் பிடித்தன.

இனிகோ எழுந்து உட்கார்ந்தான்.

ஓர் அடி. நீளமான ஒரு வெளி. மறுபடி ஓர் அடி, ஆழமாக, நிதானமாக. அவனுக்கு நன்றாகத் தெரிந்த அடி அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கையில் ஓடியது. ரொம்ப மெல்ல அடிக்குது, முங்காதே என்று டாக்டர் சொன்ன அதே அடி.

தனக்கு நோய் என்று சொன்னபோதுகூட அவன் அப்படிப் பயந்ததில்லை. நமக்குப் பதில் அவள் சுமந்தாள், நம் நோயையும் அவளே சுமந்துகொண்டாளோ என்று நினைத்தான். அவளை உலுக்கி எழுப்பினான்.

"ஏளா, எந்திரி. உனக்கு நெஞ்சு கோளாறு. டாக்டரைப் பாக்கணும்."

"எனக்கா? என்ன கேடு எனக்கு? நேத்துத்தான சாயர்புரம் போயிட்டு வந்தேன்!"

"நாடி மெல்ல வருது. நான் பிடிச்சுப் பாத்தேன்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் மறுநாள் கிளம்பினாள். காரணம், அவன் பயம் ஒரு பக்கம்; போகிற டாக்டர் தெரிந்த பிள்ளை என்பது இன்னொரு பக்கம். சாயர்புரத்தில் அவள் வழக்கமாகக் கருவாடு கொடுக்கிற டீச்சரம்மாவின் மகன் வில்பிரட், டாக்டருக்குப் படித்துப் பட்டாளத்தில் பர்மாப் பக்கம் இருந்துவிட்டு வந்து, தூத்துக்குடியில் கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்க்கட்டில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

வில்பிரட் அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, எங்க அம்மா அனுப்பினாளா?" என்றான். இனிகோ விஷயத்தைச் சொன்னான். வில்பிரட் குழாயை வைத்துக் கேட்டான், நாடி பார்த்தான்.

"மெல்லத்தான் வருது. எவ்வளவு தூரம் நடக்கீங்க அம்மா ஒரு நாளைக்கு?"

"தூரம் யாரு பாத்தா? போயி வித்துட்டு வாரது வரைக்கும் நடைதான்."

"தலையில் பெட்டியோட?"

"பெட்டி இல்லாம என்னத்த விக்க?"

வில்பிரட் சிரித்துவிட்டு இனிகோவின் பக்கம் திரும்பினான். இனிகோ அப்போதுதான் தன் கதையைச் சொன்னான். கம்பெனி டாக்டர் சொன்னது, தனராஜ், முக்காலி, அண்ணாச்சி, சிவனாண்டி எல்லாம். சொல்லச் சொல்ல வில்பிரட்டின் சிரிப்பு போய்விட்டது. இனிகோவின் நெஞ்சையும் வைத்துக் கேட்டான்.

"இப்போ உங்க நாடி எல்லாருக்கும் போலத்தான் இருக்கு. ஒண்ணு செய்ங்க. ரெண்டு பேரும் மாடிக்கு ஏறி, உடனே இறங்கி வாங்க."

அந்தோணியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள்; வந்தாள். இனிகோ போனான். பாதி மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே வந்தபோது வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வில்பிரட் இரண்டு பேரின் நாடியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவளுடையது கொஞ்சம் வேகமெடுத்து, உடனே பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது. அவனுடையது அடங்க நேரமாயிற்று.

"இப்போ சொல்லுங்க, யாரு நோயாளி?"

இனிகோ மூச்சு வாங்கியபடி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இருதயமும் சதைதான் அண்ணே. துடுப்பு வலிச்சாத் தோள் திரளுது இல்லையா? அதே மாதிரி, நடக்க, நீந்த, வலிக்கன்னு நாள் பூரா சீரா ஓடுற உழைப்புல இருதயமும் திரண்டு பெரிசாகும். பெரிசானது ஒரு அடிக்கு நிறைய ரத்தம் தள்ளும். அதனால மெல்ல அடிச்சாப் போதும். சும்மா உக்காந்துட்டா திரண்டது சுருங்கிரும், வேகமா அடிக்க வேண்டி வரும். பட்டாளத்துல நல்லா ஓடுற பையங்களுக்கு நான் இதைப் பாத்திருக்கேன். நோய் வந்து வீங்குன இருதயமும் பெரிசுதான். வெளியில தட்டிப் பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா நோய்க்காரனால படி ஏற முடியாது. அந்த நாளையில உங்களால முங்கவே முடிஞ்சுது."

"அப்பம் அந்த டாக்டர் பொய் சொன்னாரா?" என்றாள் அந்தோணியம்மாள். குரலில் சூடு இருந்தது.

"இல்லம்மா. அவர் காதுல விழுந்தது சரி. அதுக்கு என்ன அர்த்தம்னு அவர் படிச்ச காலத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பட்டாளத்துப் பையங்களைப் பாத்திருக்காட்டா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"சிவனாண்டியும் உழைச்சவன்தான்" என்றான் இனிகோ மெதுவாக.

"அந்த உழைப்பு வேற. மூச்சைப் பிடிச்சுத் தம் கட்டி மூட்டையைத் தூக்கணும். இறக்கி வச்ச உடனே அடுத்தது. ஓய்வு கிடையாது, வயித்துக்குச் சோறு பத்தாது, வாயில பீடி. நெஞ்சை வளக்குற உழைப்பு உண்டு, நெஞ்சை இறுக்குற உழைப்பும் உண்டுன்னு நினைக்கேன். சும்மா உக்காந்திருக்கிறது ரெண்டுக்கும் மோசமா இருக்கலாம்."

"முங்குறதுலயும் மூச்சைப் பிடிக்கணுமே டாக்டர்?"

வில்பிரட் நாற்காலியில் சாய்ந்தான். "அது எனக்குத் தெரியலை. உங்க அண்ணன் மூச்சை ரொம்ப நேரம் அடக்கி, காத்து இல்லாம மயங்கியிருக்கலாம். அதுக்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் இல்லாம இருக்கலாம். சத்தியமாச் சொல்ல என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்ததும் இனிகோ சொன்னான்: "நாலு வருசம்ளா. நல்லா இருந்த நெஞ்சை நாலு வருசம் முக்காலியில வச்சு அழுக விட்டுட்டேன்."

"நாலு வருசமும் நீங்க என் கண்ணு முன்னால இருந்திய. அதை அழுகல்னு நான் சொல்ல மாட்டேன்."

"நான் முங்கப் போறேன்."

"ஒரு டாக்டர் சாவியன்னாரு. இன்னொருத்தர் சாவ மாட்டியன்னு சொல்லுதாரு. நான் யாரை நம்ப? முதல்ல என்கூட நடங்க. கோரம்பள்ளம் வரைக்கும் இரைக்காம நடந்து காட்டுங்க. கடலைப் பொறவு பாப்போம்."

வில்பிரட்டும் அதையே சொல்லியிருந்தான்: நாலு வருஷம் கட்டிப்போட்ட குதிரையை ஒரே நாளில் ஓட்டாதீங்க, மெல்ல மெல்ல.

இனிகோ கடையில் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டான். முதல் நாள் வெறுங்கையோடு அவளுக்குப் பின்னால் போனான். ஊரெல்லை தாண்டி உப்பளங்களைக் கடப்பதற்குள் கெண்டைக்கால் வலித்தது. ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவள் பெட்டியை இறக்காமலே நின்று, "இருங்க, நான் வித்துட்டு வாரேன். திரும்பி வரையில கூட்டிட்டுப் போறேன்" என்றாள். பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. அவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அந்த மரத்தைத் தாண்டி உட்கார்ந்தான். மழைக்காலம் வந்தபோது அவன் தலையிலும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அடுத்த கோடையில் கோரம்பள்ளம் குளக்கரையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து புளிச்சோறு தின்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. வழியில் பேசுவதற்கு எவ்வளவோ இருந்தது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு அம்மாள் பேரம் பேசாமல் வாங்குவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தச் சாலைகளில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொடி மாறிச் சுதந்திரம் வந்த மாதம். ஒரு சாயங்காலம் இனிகோ கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். ஒரு பங்களா வராந்தாவில் கம்பெனி டாக்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தான். அவரிடம் என்றைக்காவது நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவன் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான். கேட் பக்கத்தில் நின்றான்.

டாக்டரின் கால்கள் ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தன. கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். ஆனால் கண் பார்வை தெளிவாக இருந்தது.

"யாரது? நீ... அந்த முங்குகிற பையன் இல்லே? பெரிய ஹார்ட்டு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து நிமிரப் பார்த்தார். "இருக்கியா! நல்லா இருக்கியா! உன்னை நான் எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? சொன்னதைக் கேட்டானோ, தண்ணியிலே இறங்கிட்டானோன்னு. கேட்டே இல்லே? அதான் இருக்கே!"

இனிகோ அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இந்தக் கிழவருக்கு வாழ்நாளில் தான் காப்பாற்றிய உயிர் என்று நினைத்துக்கொள்ள இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ!

"ஆமாங்கய்யா. இருக்கேன்" என்றான். "நீங்க உடம்பைப் பாத்துக்கிடுங்க."

கும்பிட்டுவிட்டு நடந்தான். வீட்டில் இதை அவன் சொன்னபோது அந்தோணியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நல்ல வேளை, ஒண்ணும் சொல்லாம வந்திய" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் வாடை அடங்கிக் கடல் தெளிந்ததும் வள்ளங்கள் கிளம்பின. கயிற்றையும் வலைப்பையையும் வாங்கி வைத்திருந்த மைத்துனனுடைய வள்ளத்தில் இனிகோ ஏறினான். முதலில் சில நாள் துடுப்பு மட்டும் வலித்தான். பிறகு ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் சட்டையைக் கழற்றினான். மைத்துனன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "மச்சான், எறங்குறப்ப மேல பாக்காதிய" என்றான்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. காதில் அழுத்தியது. முதல் முறை அடி மணலைத் தொடாமலே மேலே வந்துவிட்டான். இரண்டாம் முறையும் அப்படியே. விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். தோள் மூட்டு கனத்தது. மற்ற வள்ளங்களில் இளவட்டங்கள் பை நிறையக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை இறங்கினான். நெஞ்சு படபடவென்று அடித்தது; இறங்க இறங்க நிதானப்பட்டது. பச்சை வெளிச்சத்தில் மணல் தெரிந்தது. மணலில் சங்கு ஊர்ந்துபோன தடம் ஒன்று கோடாகப் போயிற்று. அதைப் பின்தொடர்ந்து கையை விட்டான். கனமாக ஒன்று கையில் அகப்பட்டது.

அன்று முழுவதும் சேர்த்து அவன் பிடித்தது பையில் பாதிகூட இல்லை.

கரையில் அந்தோணியம்மாள் நிற்கவில்லை. நிற்பாள் என்று அவன் எதிர்பார்த்துத்தான் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அன்று சாயர்புரத்துக்குப் போகிற நாள் என்பது நினைவு வந்தது. அவன் குளித்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினான். கருவாட்டைத் தணலில் சுட்டான். பொழுது விழுகிற நேரத்தில் அவள் வந்து பெட்டியை இறக்கினாள். அவன் சிவந்த கண்ணைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"எறங்கிட்டியளா?"

"எறங்கிட்டேன்."

அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். "வழியில ஒரு தடவை திரும்பிரலாமான்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் எறங்குவியன்னு மனசுல பட்டுது."

"பொறவு?"

"திரும்பி வந்து என்ன செய்ய? கரையில நின்னு கடலைப் பாக்கத்தான? அங்கன டீச்சரம்மா காத்துட்டு இருப்பாளேன்னு நடந்துட்டேன்."

இனிகோ இரண்டு தட்டில் கஞ்சி ஊற்றினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பை அள்ளிக் கொட்டிட்டிய."

"நாளைக்குக் கொறச்சுப் போடுதேன்."

"நாளைக்கும் நீங்கதான் காய்ச்சப் போறியளோ?"

"நீ வர இருட்டிருமேளா. நான் முன்னால வந்திருவேன்."

அவள் தட்டைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.